முந்நூற்று நாற்பது தப்படி: கம்பத்திலிருந்து தேனிக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போன கதை

போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தார். நண்பர்கள் மூன்று பேர், மூன்று பைக்குகள், தேனியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி வரை போகிறார்களாம். வண்டியில் பாட்டு செட் மாட்ட வேண்டும். "எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்? எத்தனை வாட்ஸ் போதும்? வழியில் எங்கே நிற்கலாம்?" என்று கேட்டிருந்தார். எங்கே நிற்கலாம் என்பதற்கு நாலு பக்கம் எழுதுவேன். ஆம்ப்ளிஃபயருக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பயணம்தான். அதுவும் நீங்கள் போகிற பாதைக்கு எதிர்த் திசையில், கம்பத்திலிருந்து தேனிக்கு. வருடம் 1982, ஆனி மாதம். அப்போது தேனி மதுரை மாவட்டத்தில் இருந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் குருசாமி. தொழில் அறிவிப்பு. சினிமாக் கொட்டகையில் படம் மாறினால், ஜவுளிக்கடையில் தள்ளுபடி போட்டால், சந்தை நாள் தள்ளிப்போனால், மாடு காணாமல் போனால், ஊரில் பெரிய மனிதர் இறந்துபோனால் கம்பத்துத் தெருக்களுக்கு அவர்தான் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அவர் குரலைத் தெரியும். குரலைக் கேட்டு ஒன்றரை வருடம் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தேன். தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சைக்கிளில் பத்து வருடம் கத்தினார். பிறகு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினோம். வண்டி மாறியது, தகரக் குழாய் மாறவில்லை.

அந்த வருடம் தை மாதத்திலிருந்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு எதற்கும் மசியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கேட்பதற்குக்கூடக் கையைக் காட்டுவார். கூடலூர்க் கொட்டகைக்காரர் ஒரு நாள் முகத்துக்கு நேராகவே, "என்னப்பா, சோத்துல கல்லு கடிபட்ட மாதிரி பேசுற?" என்று கேட்டுவிட்டார். சின்னமனூரில் ஒரு டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சளிதேன், வேற ஒண்ணுமில்ல" என்றார். நானும் நம்பினேன்.

கத்தாமல் பேசினால் தொண்டை ஆறும், கத்தாமல் பேச வேண்டுமென்றால் மைக் செட் வேண்டும். இது என் கணக்கு. பத்தாவது முடித்து வீட்டில் இருந்த காலத்தில் தபால் வழியாக ரேடியோ மெக்கானிசம் படித்திருந்தேன். அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பழுது பார்த்த பழக்கமும் உண்டு. ஊரில் மைக் செட் வைத்திருந்த ஒருவரிடம் பழைய ஹாரன் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, ஹெட்லைட்டுக்கு மேலே இரும்புச் சட்டம் வைத்து மாட்டினோம். மீதி வேண்டியது ஆம்ப்ளிஃபயரும் மைக்கும்.

அதில் ஒரு சிக்கல். எங்கள் வண்டியின் பேட்டரி ஆறு வோல்ட். ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியது பன்னிரண்டு. "வண்டி பேட்டரிலயே கொடுத்துருவோம், வேலை முடிஞ்சுச்சு" என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கொடுத்தால் உண்மையிலேயே முடிந்திருக்கும். அதனால் கார் பேட்டரி ஒன்றுக்குச் சொல்லிவைத்து, அது உட்கார மரப்பெட்டி செய்து வண்டியின் வலப்பக்கம் கட்டினோம். நான் இடப்பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்தால் எடை சரியாக இருக்கும். "ரெண்டும் ஒரே கனம்" என்று அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறே காலுக்குக் கம்பத்தை விட்டுக் கிளம்பினோம். ஆனியில் இந்தப் பள்ளத்தாக்கில் பயணம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று, வண்டியை ரோட்டின் ஓரத்துக்குத் தள்ளும். சாரல் வேறு. திராட்சைப் பந்தல் வரிசையாக இருக்கிற இடத்தில் காற்று அடங்கும், பந்தல் முடிந்ததும் பளீரென்று அறையும். சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

பத்தாவது கிலோமீட்டரில் உத்தமபாளையம், ஆறே முக்கால். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேட்டரி கடை வைத்திருந்த காஜா பாயிடம் முதல் நாளே பேட்டரியைச் சார்ஜில் போடச் சொல்லியிருந்தோம். தயாராக வைத்திருந்தார். பெட்டிக்குள் இறக்கி, அசையாமல் இருக்க ஓரத்தில் பழைய டியூப் துண்டுகளைத் திணித்தார்.

"நாப்பது ஆம்பியர் பேட்டரிம்மா. பாத்துச் செலவழிச்சா ஒரு நாள் முழுக்க ஓடும். ஆசை கூடுனா மத்தியானத்துக்கே படுத்துரும்."

டீ நாற்பது காசு. குடித்துவிட்டுக் கிளம்பி, ஏழரைக்குச் சின்னமனூர். அந்த டாக்டர் வீட்டுத் தெரு முனையைக் கடந்தபோது அவர் வண்டியை முறுக்கினார். காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

சின்னமனூரிலிருந்து தேனி இருபத்திரண்டு கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் நடவு வேலை நடந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். எட்டே முக்காலுக்குத் தேனி சேர்ந்தோம். மொத்தம் நாற்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பாரம் இருந்ததால் நிதானமாகத்தான் வந்தோம்.

கடை ஒன்பதரைக்குத்தான் திறந்தது. கடைக்காரர் ஞானமுத்து அண்ணாச்சி. கல்லாவுக்கு மேலே ஒரு சிலுவை, அதற்குக் கீழே வரிசையாக ரேடியோக்கள். எங்கள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"பாட்டுக்கா, பேச்சுக்கா?"

"பேச்சுக்கு" என்றேன்.

"முப்பது வாட்ஸ் இருக்கு, அறுபது வாட்ஸ் இருக்கு. ரெண்டும் பன்னண்டு வோல்ட்ல ஓடும்."

இவர் அறுபதைக் கையில் தூக்கிவிட்டார். சின்னமனூரில் ஒருவர் நாற்பது வாட்ஸ் செட் வைத்து அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார். அந்த நாற்பது இவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, முழுச் சத்தத்துல அறுபது எத்தன ஆம்பியர் இழுக்கும்?" என்று கேட்டேன்.

அவர் முதலில் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "எட்டுக்குக் கொறையாதும்மா. முப்பதுன்னா நாலு."

"எங்க ஹாரன்ல இருக்கது முப்பத்தஞ்சு வாட்ஸ் யூனிட்."

"அப்ப அறுபதைப் பாத்துத்தேன் திருகணும். கொஞ்சம் கூடிருச்சுன்னா உள்ள இருக்க சவ்வு கிழிஞ்சுரும்."

"யூனிட்ட மாத்திக்கிருவோம்" என்றார் இவர். அந்தக் குரலைக் கேட்டு அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். தகரத்தில் ஆணி இழுத்தது போலிருந்தது. பிறகு அவர் இரண்டு பெட்டியையும் எடுத்துத் துணியால் துடைத்தார்.

"கடைக்குள்ள வச்சுப் பாத்தா எல்லாம் நல்லாத்தேன் இருக்கும். ரெண்டையும் கொண்டுபோங்க. வீரபாண்டி தாண்டி வாய்க்கா கரையில வெட்டவெளி கெடக்கு. ஒருத்தக பேசுங்க, ஒருத்தக நடந்து போயிக் கேளுங்க. வண்டி புக்கை மட்டும் இங்கன வச்சிட்டுப் போங்க."

முன்பின் தெரியாத ஆளை நம்பி இரண்டு செட்டைக் கொடுத்து அனுப்புகிற கடை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அப்போதும் அது ஒன்றுதான் இருந்தது.

தேனியிலிருந்து வீரபாண்டி எட்டு கிலோமீட்டர். கோயிலைத் தாண்டி, இடது பக்கம் இறங்குகிற மண்பாதையில் அரைக் கிலோமீட்டர் போனால் வாய்க்கால் கரை. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். வண்டியை நிறுத்தி, ஹாரன் வாயைக் காற்றுக்கு எதிராகத் திருப்பச் சொன்னேன். காற்றோடு போகிற சத்தம் எந்த செட்டிலும் நன்றாகத்தான் போகும்.

ஏற்பாடு இதுதான். அவர் வண்டியிலேயே உட்கார்ந்து மைக்கில் பேச வேண்டும். நான் கரை மேல் தப்படி எண்ணிக்கொண்டு நடப்பேன். வார்த்தை தெளிவாகக் கேட்கிற வரை துண்டைத் தூக்கிக் காட்டுவேன். சத்தம் கேட்டு வார்த்தை புரியாவிட்டால் துண்டைக் கீழே போடுவேன்.

முதலில் அறுபது. "பொதுமக்கள் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு" என்று வழக்கம்போலத் தொண்டையைத் திறந்து எடுத்தார். தோப்பில் இருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. நூறு தப்படி வரை சரி. நூற்றைம்பதில் சத்தம் இருந்தது, வார்த்தை கரகரத்தது. நூற்று எண்பதில் யாரோ கல்லை உருட்டுவது போல இருந்ததே தவிர, ஒன்றும் விளங்கவில்லை. துண்டைப் போட்டேன். அவர் சத்தத்தை இன்னும் கூட்டி, இன்னும் கத்தினார். யூனிட் படபடவென்று அடித்தது. பிறகு இருமல். அந்த இருமல் மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது.

ஓடி வந்தேன். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. சொம்பை நீட்டினேன்.

"செட்டு சரியில்ல" என்றார்.

"செட்டு ஒங்க கொரல்ல இருக்கதத்தேன் பெருசாக்குது. கரகரப்பையும் சேத்துப் பெருசாக்குது. இனி முப்பதைப் போடுவோம். ஆனா கத்தாதீக. அடுப்படியில எங்கிட்டப் பேசுற மாதிரிப் பேசுங்க. மைக்க வாய்க்குப் பக்கத்துல வச்சுக்கங்க."

"அப்படிப் பேசுனா யாருக்குக் கேக்கும்?"

"அதைப் பாக்கத்தேன வந்திருக்கோம்."

வயரை மாற்றிப் பூட்டிவிட்டு மறுபடி நடந்தேன். நூறு, நூற்றைம்பது. "பொதுமக்கள் அனைவருக்கும்..." மெதுவாக, கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி வந்தது. இருநூறிலும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. இருநூற்றைம்பதில் துண்டைத் தூக்கிக் காட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. முந்நூறு தாண்டியதும் ஒரு மடை குறுக்கிட்டது. பலகைப் பாலம் ஈரமாக இருந்ததால் கரையை விட்டு வயல் பக்கமாக இறங்கி, சுற்றிப் போனேன். மடைச் சுவர் என்னைவிட உயரம். நான் அவர் கண்ணுக்கு மறைந்துவிட்டேன். அங்கே நாலு பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள்.

முந்நூற்று நாற்பதாவது தப்படி. அறிவிப்பு நின்றுவிட்டது. செட்டின் லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. துண்டு தெரியாததால் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார். ஆனால் மைக்கை அணைக்கவில்லை.

"பவுனு" என்றது குரல். என் பெயர் பவுன்தாயி. "ஒனக்குக் கேக்காது. கேக்காததும் நல்லதுதேன்."

நான் நின்றுவிட்டேன்.

"சின்னமனூர் டாக்டரு சளின்னு சொல்லல புள்ள. தொண்டைக்குள்ள சதை வளந்திருக்காம். மதுரைக்குப் போயி ஆபரேசன் பண்ணணுமாம். எடுத்துப் பாத்தாத்தேன் நல்லதா கெட்டதான்னு தெரியுமாம். மூணு மாசமா ஒங்கிட்டச் சொல்லணும்னு வாயத் தொறக்கேன், வர மாட்டேங்குது." ஓர் இருமல் கேட்டது. "வெட்டி எடுத்தா கொரலு பழைய மாதிரி வராதுன்னு சொல்லிட்டாக. நீ என்னைய என் கொரலுக்குத்தேன கட்டிக்கிட்ட. அது போயிருச்சுன்னா வீட்டுல நான் எந்த மொகத்தை வச்சுக்கிட்டு இருக்கது?"

நாற்று நட்ட பெண்கள் நாலு பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். கையில் நாற்று முடி அப்படியே இருக்கிறது, சேறு வழிகிறது. ஒரு வார்த்தை விடாமல் அவர்களுக்கும் கேட்டிருந்தது.

அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்தார். "ஏ ஆத்தா, கொழாயில பேசுறது ஒன் வீட்டுக்காரகளா?"

தலையை ஆட்டினேன்.

"நீ கேட்டது அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கேக்கலன்னு சொல்லிராத. ஆம்பளைக இதெல்லாம் ரெண்டாந்தடவ சொல்ல மாட்டாக. அந்தச் சொவத்து மேல ஏறி நில்லு."

சேற்றுக் கையோடு ஒருவர் முழங்கையைக் கொடுத்து என்னை ஏற்றிவிட்டார். மடைச் சுவரின் மேல் நின்று துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். காற்றில் அது படபடத்தது. தூரத்தில் வண்டியின் மேல் இருந்த உருவம் அசையாமல் இருந்தது. ஹாரனில் டக் என்று ஒரு சத்தம். மைக்கை அணைத்துவிட்டார்.

திரும்பி நடந்த அந்த முந்நூற்று நாற்பது தப்படியில் அழுதேன், திட்டினேன், சாமியைக் கும்பிட்டேன். வண்டி பக்கத்தில் வந்தபோது மூன்றுமே தீர்ந்திருந்தது. அவர் மைக் வயரைச் சுற்றிக்கொண்டு நிமிராமல் கேட்டார்.

"எதுவரைக்கும் கேட்டுச்சு?"

"முன்னூத்தி நாப்பது."

"எல்லாமா?"

"ஒரு வார்த்தை விடாம. நட்டுக்கிட்டு இருந்த பொம்பளைகளுக்கும் கேட்டுச்சு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்த உடைந்த குரலில், "அப்ப இதையே வாங்கிருவோம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் அழுதார். நான் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொரலுக்காகக் கட்டுனேன், நெசந்தேன்" என்றேன். "ஏழு வருசமா அதுக்காகவா சோறாக்குறேன்? அடுத்த வாரம் மதுரைக்குப் போறோம்."

பன்னிரண்டரைக்குத் தேனிக் கடைக்குத் திரும்பினோம். "ஆபரேசன் ஆகி வரட்டும், அப்பறமா வாங்கிக்கிறலாம்" என்று கடை வாசலில் இவர் பின்வாங்கினார். நான் விடவில்லை. மருத்துவமனையில் இருக்கிற நாளில் யார் அறிவிப்பது என்று கேட்டார். "நான்" என்றேன். அவர் மறுத்துப் பேசுவதற்குள் அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

"முப்பதா? எத்தன அடி போச்சு?"

சொன்னேன். எதற்காக அவசரம் என்பதையும் சொன்னேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி உள்ளே போய் வேறொரு மைக் எடுத்துவந்தார்.

"இது கொஞ்சம் ஒசத்தி. மூச்சு விட்டாலே எடுக்கும். அந்த மைக்கு வேணாம், இதைக் கொண்டுபோங்க. வெல அதே வெலதேன்." பிறகு என் வீட்டுக்காரரின் தோளில் கை வைத்தார். "எங்க மச்சானுக்கு இதே மாதிரி இருந்துச்சு. இன்னைக்கிக் கோயில்ல அவுகதேன் வேதம் வாசிக்கிறாக. போயிட்டு வாங்க."

செட்டும் மைக்கும் சேர்த்து எண்ணூற்று அறுபது ரூபாய். வண்டி புக்கை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பி, உத்தமபாளையத்தில் காஜா பாய்க்குச் செட்டைக் காட்டிவிட்டு, நாலே காலுக்குக் கம்பம் சேர்ந்தோம்.

பத்து நாள் கழித்து மதுரையில் ஆபரேஷன். எங்கள் அண்ணன் ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொண்டார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாததால் அதே அண்ணனின் மைத்துனரை ஓட்டச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து கம்பத்துத் தெருவில் முதல் அறிவிப்பைச் செய்தேன். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி. முதல் தெருவில் கடையின் பெயரையே விட்டுவிட்டேன். மூன்றாவது தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். தள்ளுபடிக்காக இல்லை, பேசுவது பெண்பிள்ளையா என்று பார்க்க. கடைக்காரர் அடுத்த வாரமும் என்னையே கேட்டார்.

இனி தம்பியின் கேள்விக்கு. வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும், பேட்டரி எவ்வளவு கொடுக்கும் என்று முதலில் பார்த்து, அதற்குள் அடங்குகிற ஆம்ப்ளிஃபயராக எடுங்கள். இப்போது எல்லா வண்டியும் பன்னிரண்டு வோல்ட், எங்கள் தலைவலி உங்களுக்கு இல்லை. ஆனாலும் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுத்து, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள். இன்ஜினை முறுக்கும்போது ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்டால், எர்த் வயர் சரியில்லை என்று அர்த்தம். கடைக்குள் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒருவர் வண்டியில் இருக்க, ஒருவர் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நடந்து போய்க் கேளுங்கள். மூன்று பேர் போகிறீர்கள், ஆள் இருக்கிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிடுங்கள். குமுளி வரை ஆறேழு கிலோமீட்டர் வளைவுகள், எதிரே வருகிற லாரியின் ஹாரன்தான் அங்கே உங்களுக்குக் கேட்க வேண்டிய சத்தம். ஆனி, ஆடியில் போனால் காலை எட்டு மணிக்குள் கம்பத்தைத் தாண்டிவிடுங்கள், அதற்கு மேல் காற்று பலக்கும்.

மதுரையில் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று சிலேட்டும் பல்பமுமாக உட்காரவைத்திருந்தார்கள். இருபத்திரண்டாம் நாள் நான் போயிருந்தேன். டாக்டரம்மா தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கேஸ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, மெதுவா உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்."

அவர் எச்சிலை விழுங்கினார். உதட்டை நனைத்துக்கொண்டார். பழைய குரல் இல்லை. மெலிந்து, தாழ்ந்து, ஓரம் தேய்ந்த ஒரு புதுக் குரல்.

"பவுன்தாயி" என்றார்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "சீட்டுல வேற பேரு இருக்கே" என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, குரல் வந்துவிட்டது என்று எழுதினார்.